பதவியை மறுத்த தலைவர்

1920ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மாகாணம் புதியதொரு தேர்தலைக் கண்டது. மாகாண ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்கு இல்லை. அவரைப் பிரிட்டிஷ் அரசே அமர்த்தியது. எனினும், 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்வி, மக்கள் நல்வாழ்வு, உள்ளாட்சி முதலிய துறைகள் இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நிதியும் காவலும் ஆளுநரின் நிருவாகக் குழுவிடமே இருந்தன. இதுவே இரட்டையாட்சி எனப்பட்டது. தலைநகரான சென்னை முதல் தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மகாதேவி வரை, சொத்தும் வரியும் உடைய சிலரே வாக்களித்தனர். பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. காங்கிரசு இத்தேர்தலைப் புறக்கணித்தது.

தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களுள் 63 இடங்களை நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு, அமைச்சரவை அமைக்க அக்கட்சித் தலைவரை அழைத்தார். கிடைத்தற்கரிய அவ்வாய்ப்பை அவர் ஏற்கவில்லை, கடலூர் அ. சுப்பராயலு முதலமைச்சரானார். பதவியை மறுத்த அத்தலைவரே சர் பிட்டி தியாகராயர்.

1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்த தியாகராயர், நெசவுத்தொழில் மரபில் வந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சியில் பணியாற்றிய அவர், அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவராகவும் விளங்கினார். கல்வியிலும் அரசுப் பணியிலும் ஒரு சாராரே நிறைந்திருந்த நிலையை மாற்ற விழைந்து, 1916இல் டி.எம். நாயர், சி. நடேசனார் ஆகியோருடன் இணைந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இதுவே பின்னர் நீதிக்கட்சி என அழைக்கப்பட்டது.

பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1920இல், அவர் தலைமையிலிருந்த மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்க முடிவு செய்தது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடுவதென வரையறுக்கப்பட்டது. பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் பரவிய திட்டத்தின் முன்னோடி இதுவே.

அமைச்சரவைக்கு வெளியே இருந்தவாறே அவர் கட்சியை வழிநடத்தினார். 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கச் சட்டமன்றம் தீர்மானித்தது. அரசுப் பணிகளில் அனைத்து வகுப்பினர்க்கும் இடம் கிடைக்க வழிவகுக்கும் ஆணையும் அவ்வாண்டே பிறந்தது.

1925ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் தியாகராயர் மறைந்தார். அக்காலத்தில், சேரன்மகாதேவிக் குருகுலத்தில் மாணவர்களுக்குச் சாதி பார்த்துத் தனிப்பந்தி இடப்பட்டது குறித்துத் தமிழகமெங்கும் பெரும் விவாதம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஒரே கூரையின்கீழ்ப் பயிலும் பிள்ளைகள் உணவிலும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்னும் கேள்வி வலுப்பெற்றது. தேர்தல் வெற்றியால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது என்பதை அவ்விவாதம் உணர்த்தியது. அவ்வகையில், முதலமைச்சர் பதவியை மறுத்த தியாகராயர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓரணாவில் அளித்த உணவு, எப்பதவியினும் பெரிதாக நினைக்கப்படுகிறது. சென்னையின் தியாகராய நகர் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.