வில்லை அறுத்து வில் செய்தவர்

வில் என்றதும் நம் நினைவுக்கு வருவது சேரன் கொடி; அடுத்து, கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரி. ஆனால் நண்பர்களே, நான் இங்கே எழுத வந்தது ஓரியைப் பற்றியன்று. கடல் கடந்த அமெரிக்க நாட்டிலே, மிசௌரி மாநிலத்திலே வாழ்ந்து மறைந்த ஓர் எளிய மனிதரைப் பற்றி. ஹாலஸ் வில்பர் ஆலன் என்பது அவர் பெயர். இன்று காம்பவுண்ட் வில்லைக் கையில் ஏந்தும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே.

அவர் வரலாற்றைத் தேடும்படி என்னைத் தூண்டியது எந்தப் பேராசிரியரும் அல்லர். அடுகோடியிலே ஒரு லேத் பட்டறை. 1950களில் மைக்கோ ஆலை எழுந்த நாள் முதல் இயந்திரத் தொழிலாளரின் இருப்பிடமாய் விளங்கிய பகுதி அது. என் அண்ணன் தம் முதற் சம்பளத்தில் யாரிடமோ வாங்கிய பழைய காம்பவுண்ட் வில் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் சக்கரங்களின் அச்சு வளைந்துவிட்டது, கம்பிகள் நைந்துவிட்டன, மாற்று உறுப்புகள் எங்கும் கிடைக்கவில்லை. புதிய வில்லோ என் விடுதிக் கட்டணத்தையும் விஞ்சும் விலை. பழைய இரும்புக்காரனிடம் போட மனம் வருமா? நடுத்தண்டாகிய ரைசரை மட்டும் வைத்துக்கொண்டு, நுனி வளைந்த ரிகர்வ் கரங்களை அதில் பொருத்துவது என்று முடிவு செய்தேன். பட்டறைப் பெரியவர் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை முதலில் செய்தவன் யார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து.

ஆலன் 1909ஆம் ஆண்டு பிறந்தவர். வேட்டையில் விருப்பமுடையவர். அவர் காலத்து வில்லுக்கு ஒரு குறை உண்டு. நாணை இழுக்க இழுக்கச் சுமை ஏறிக்கொண்டே போகும். நிதானமாகக் குறி பார்க்க வேண்டிய அந்த இறுதிக் கணத்தில்தான் முழுச் சுமையும் விரல்களின் மேல் வந்து விழும்! கை நடுங்கும், குறி தவறும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வில்லாளர் தம் தோள்வலியைத்தான் பெருக்கினார்களேயன்றி, வில்லின் குணத்தை மாற்றத் துணிந்தவர் அரியர்.

ஆலன் துணிந்தார். தம்முடைய ரிகர்வ் வில்லின் இரு நுனிகளையும் அறுத்தெடுத்தார். அங்கே கப்பிகளைப் பொருத்தி, நாணையும் கம்பிகளையும் அவற்றின் வழியே ஓட்டினார். கப்பியின் அச்சை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்ததிலேதான் சூட்சுமம் இருந்தது. இழுக்கும்போது முதலில் சுமை ஏறும். கப்பி சுழன்று திரும்பியதும் இறங்கும். இன்றைய வில்களில் முழுதும் இழுத்து நிறுத்திய நிலையில், உச்சச் சுமையில் நாலில் ஒரு பங்கு அளவே கையில் நிற்கும். 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் அது கிடைத்தது.

உலகம் உடனே மாலை சூட்டியதா? இல்லை. இது வில்லன்று, வெறும் இயந்திரம் என்று இகழ்ந்தார்கள். போட்டி அமைப்புகள் சில அதைத் தள்ளிவைத்தன. டாம் ஜென்னிங்ஸ் என்ற வில் தொழிலாளி அதன் அருமையை உணர்ந்து உற்பத்தியில் இறங்கினார். அதன்பின் அது பரவியது. ஆலன் 1979இல் மறைந்தார். அவர் மறைந்த பின்னும் அந்தக் காப்புரிமை பற்றிய வழக்குகள் நீதிமன்றங்களில் நடந்தன. 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் இந்திய ஆடவர் அணி காம்பவுண்ட் வில்லால் தங்கம் வென்றது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அவ்வில்லுக்கும் ஒரு போட்டி உண்டு என 2025இல் அறிவித்தார்கள். இவை எதையும் காண அவர் இல்லை.

அவர் ரிகர்வ் வில்லைக் காம்பவுண்ட் ஆக்கினார்; நானோ அதைத் திரும்பவும் ரிகர்வ் ஆக்கப் புறப்பட்டேன். இது அவருக்குச் செய்யும் துரோகமோ என்றுகூட ஓர் ஐயம் எழுந்தது. அதைவிடப் பெரிய இடையூறு பட்டறையில் காத்திருந்தது. ரைசரில் புதிய துளைகள் போட வேண்டும் என்றேன். பெரியவர் அரத்தால் ஓரிடத்தில் இலேசாகச் சுரண்டிப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். அது மக்னீசியக் கலவை வார்ப்பு. அதன் தூள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது. ஊற்றினால் இன்னும் மூளும். மேலும், பழைய வார்ப்பில் துளையிட்டால் அங்கிருந்தே விரிசல் ஓடும். முகத்துக்கு நேரே பிடிக்கும் பொருள் அது! ஆகவே பழைய திருகாணித் துளைகளையே பயன்படுத்தி, அலுமினியத் தகடுகளைச் சாய்வாகக் கடைந்து தந்தார். காம்பவுண்டின் கரங்கள் குட்டையானவை, விறைப்பானவை. ரிகர்வ் கரங்கள் நீண்டவை, மெல்லியவை. இரண்டுக்கும் ஒரே சாய்வு பொருந்தாது.

என் அவசரம் என்னை விடவில்லை. அன்றிரவே விடுதியில் நாண் ஏற்றினேன். மேல் தகடு காகிதக் கனம் கோணியிருந்தது. கரம் முறுக்கிக்கொண்டு, நாண் துள்ளித் தெறித்தது. கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனதோடு சரி. ஓர் அங்குலம் மேலே என்றால் கண். மறுநாள் பெரியவர் என்னைத் திட்டவில்லை. தகட்டின் அடியில் மெல்லிய பித்தளைத் துண்டு வைத்து நேராக்கினார். வில்லை வைஸில் இறுக்கி, கயிறு கட்டி, தூர நின்று, அங்குலம் அங்குலமாய் இழுத்து இழுத்துத் தளர்த்தி, விரிசல் காணவில்லை என்று உறுதியான பிறகே என் கையில் கொடுத்தார்.

அந்த வில்லால் நான் பதக்கம் எதுவும் வாங்கிவிடவில்லை. பதினெட்டு மீட்டரில் என் அம்புகள் இன்னும் சிதறித்தான் விழுகின்றன. ஆயினும் அண்ணனின் முதற் சம்பளம் வீணாகவில்லை. ஆலன் பற்றிய ஐயமும் தீர்ந்தது. நல்ல வில் ஒன்றின் நுனியில் வாள் வைக்க அஞ்சாதவர் அவர். தம் வில்லில் பிறர் கை வைப்பதை வெறுத்திருப்பாரா? துணிவு ஒரு கை. பொறுமை மறு கை. இரண்டும் சேர்ந்தால்தானே நாண் ஏறும்!