நோவின் அருமை உணர்ந்த மருத்துவர்

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையும், அதனைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலையின் கூறுகளாகிய கல்ராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியனவும் பழங்குடி மக்கள் வாழும் இடங்களாகும். ஒரு நூற்றாண்டுக்கு முன் முறைக்காய்ச்சலும் நரம்புச் சிலந்தியும் இம்மலைவாணரை வாட்டின. மருத்துவ உதவியோ அவர்களுக்கு எட்டாக் கனியாக இருந்தது. அவர்களுக்குத் தொண்டு புரியக் கடல் கடந்து வந்து கொல்லிமலையில் குடிபுகுந்தவர் ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் என்னும் ஆங்கிலேய இணையர். அவர்தம் மைந்தரே பால் பிராண்டு. அவர் 1914 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17 ஆம் நாள் பிறந்தார்.

ஒருநாள் தொழுநோயாளர் மூவர் அவர் இல்லத்தை நாடி வந்தனர். எத்தகைய நோயாளரையும் வெறுங்கையால் தொட்டு மருந்திடும் தந்தையார், அன்று கையுறை அணிந்தே அவர்தம் புண்களைக் கட்டினார். அம்மூவரும் அமர்ந்திருந்த இடத்தை அணுகாதவாறு குழந்தைகள் தடுக்கப்பட்டனர். அக்காட்சி சிறுவன் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

பிராண்டு 1923 இல் கல்வியின்பொருட்டு இங்கிலாந்து சென்றார். 1929 இல் தந்தையார் கொல்லிமலையிலேயே காய்ச்சலுக்கு இரையானார். புண்ணையும் சீழையும் கண்டு மருத்துவத்தை வெறுத்த இளைஞர், தச்சு வேலையும் கொத்து வேலையும் பயின்றார். பின்னர் இலண்டன் மருத்துவமனை ஒன்றில், விபத்துக்குள்ளாகிக் குருதி இழந்து பிணம்போற் கிடந்த பெண்ணொருத்தி, பிறர் குருதி ஏற்றப்பெற்றுக் கண் விழித்ததை அவர் கண்டார். அக்கணமே அவர் வெறுப்பு வியப்பாக மாறியது. மருத்துவம் பயின்று, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் காயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்து, அறுவை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றார்.

1946 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிய நோயாளன் ஒருவனிடம் தம் கையை நீட்டி, அதனை அழுத்துமாறு பணித்தார். அவன் பிடித்த பிடியில் பிராண்டின் கைதான் வலித்தது. சில தசைகள் செயலிழந்தாலும் ஏனையவை வலிமை குன்றாதிருத்தலை அவர் உணர்ந்தார். நலமுள்ள தசையின் நாணை விரல்களோடு இணைத்து, மடங்கிய கைகளை நிமிர்த்தினார்.

தொழுநோயே விரல்களை அழுகி விழச் செய்கிறது என்பது அக்காலத்தார் கருத்து. ஒருநாள் பிராண்டால் திறக்க இயலாத துருப்பிடித்த பூட்டொன்றை நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதில் திறந்தான். அவன் விரலிலிருந்து குருதி சொட்டியது. சாவி தசையைக் கிழித்து எலும்புவரை சென்றிருந்தது. அவனோ அதனை அறியவே இல்லை! வலியுணர்வு அற்றமையால் நேரும் காயங்களும், அவற்றைப் பேணாமையால் வரும் புண்களுமே உறுப்புகளை அழிக்கின்றன என்பதை அவர் ஆராய்ந்து நிறுவினார். உறங்கும் நோயாளரின் விரல்களை எலிகள் கடிப்பதையும் கண்டறிந்து, அவர்களுக்குப் பூனைகளை வழங்கினார். நோவு பகையன்று, உடலின் காவலன் என்பதே அவர் கண்ட உண்மை.

ஆயினும் கையைச் சீராக்கினால் மட்டும் போதவில்லை. கை நிமிர்ந்தோரைப் பிச்சையிடுவோரும் கைவிட்டனர். வேலை தருவோரும் இலர். இதனை அறிந்து வருந்திய பிராண்டு, வேலூரில் புதுவாழ்வு நிலையம் கண்டார். தாம் முன்னர்ப் பயின்ற தச்சுத் தொழில் அங்கே பயன்பட்டது. கையைக் காயப்படுத்தாமல் கருவிகளைக் கையாளும் முறையை நோயாளர் கற்றனர். உழைத்து உண்ணும் பெருமையையும் பெற்றனர்.

அவர் மாணாக்கருக்குக் கற்பித்ததும் இதுவே: மருத்துவன் பேண வேண்டியது உறுப்பை மட்டுமன்று, மனிதனை. 1954 இல் கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து இரு கால்களும் செயலற்ற மருத்துவர் மேரி வர்கீசை அவர் ஊக்கினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். மற்றொருநாள் வேலூரில் இளமருத்துவர் ஒருவர் முழந்தாளிட்டு, நோயாளியின் வயிற்றில் கைவைத்துக் கனிவுடன் வினவுவதைக் கண்டு பிராண்டு திகைத்தார். அம்முகக்குறிப்பு, இலண்டனில் தமக்கு ஆசிரியராக விளங்கிய பில்ச்சரின் முகக்குறிப்பாகவே இருந்தது. பில்ச்சரை அவ்விளைஞர் கண்டதே இல்லை. ஆசிரியரிடம் பிராண்டு கற்ற கனிவு, அவர் வாயிலாக மாணாக்கரையும் அடைந்திருந்தது.

1960 இல் பிராண்டு லாஸ்கர் விருது பெற்றார். 1966 இல் அமெரிக்க நாட்டுக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்விழந்த பாதங்களைக் காக்கும் வழிகளை அங்கே ஆராய்ந்து, நீரிழிவு நோயாளருக்கும் நன்மை புரிந்தார். அன்னையார் ஈவ்லின் முதுமையிலும் மலைவாழ் மக்களுக்கே பணிசெய்து, 1974 இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்து, கொல்லிமலையில் கணவரின் அருகே துயில்கொண்டார். பிராண்டு 2003 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8 ஆம் நாள் இயற்கை எய்தினார்.

தம் நோவை உணர மாட்டாதாருக்காகத் தாம் நொந்தவர் பிராண்டு. தீண்டலாகாது என்று உலகம் ஒதுக்கிய கைகளை அவர் தம் கைகளால் பற்றினார். பிறர் நோயைத் தம் நோய்போல் போற்றுதலே அறிவின் பயன் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகத் திகழ்கிறது.