மான்செஸ்டர் சிட்டியைக் கவிழ்த்த 4 பவுண்ட் விதி: யார் இந்த பில்லி மெரிடித்?

2023 பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டி மீது 100-க்கும் மேற்பட்ட நிதி விதிமீறல் குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது பிரீமியர் லீக். கிளப் எல்லாவற்றையும் மறுத்தது. காசைக் கொட்டிக் கோப்பை ஜெயிப்பது நியாயமா, இல்ல விதியே பெரிய கிளப்களைக் காப்பாற்றத்தானா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

ஆனால் சிட்டிக்கு இது முதல் அனுபவம் இல்லை. 1906-லேயே ஒரு ரவுண்டு நடந்து முடிந்துவிட்டது. அப்போது கிளப் தலைவர் போனார், மேனேஜர் போனார், கூடவே 17 வீரர்களும் போனார்கள். அந்தக் கதையின் நடுவில் நின்றவர், அந்தக் காலத்தின் மிகப்பெரிய கால்பந்து நட்சத்திரம் பில்லி மெரிடித்.

*சுரங்கத்திலிருந்து மைதானத்துக்கு*

வேல்ஸின் வடக்கே, இங்கிலாந்து எல்லையை ஒட்டிய சிர்க் என்ற ஊர்ப் பக்கம் 1874-ல் பிறந்தவர் மெரிடித். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர் அது. 12 வயதிலேயே அவரும் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார்.

1894-ல் மான்செஸ்டர் சிட்டி அவரை எடுத்தது. அப்போதும் உடனே சுரங்க வேலையை விட்டுவிடவில்லை. கால்பந்து எத்தனை நாளைக்குச் சோறு போடும் என்று யாருக்குத் தெரியும்?

வலது விங்கர். வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. ஓரத்தில் பந்தோடு பறந்து, டிஃபெண்டரைத் தாண்டி, கோல் முன்னால் பந்தைத் தூக்கிப் போடுவதுதான் ஸ்டைல். 1904 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் போல்டன் அணியை 1-0 என சிட்டி வீழ்த்தியது. கேப்டன் மெரிடித், கோல் அடித்ததும் மெரிடித். சிட்டி வென்ற முதல் பெரிய கோப்பை அதுதான்.

*அந்த 4 பவுண்ட் விதி ஏன் வந்தது?*

1901-ல் இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு சம்பள உச்சவரம்பு அமலுக்கு வந்தது. எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஜெயித்தால் போனஸ் என்பதும் கிடையாது.

காரணம் கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். பெரிய நகரத்து கிளப்புக்கு டிக்கெட் வசூல் அதிகம். வரம்பு இல்லையென்றால் நல்ல வீரர்கள் எல்லாம் அங்கேயே போய்விடுவார்கள், சின்ன ஊர் கிளப்கள் காலியாகிவிடும். போட்டி சமமாக இருக்க வேண்டுமென்றால் செலவும் சமமாக இருக்க வேண்டும். இன்றைய நிதி விதிகளுக்குச் சொல்லப்படும் காரணமும் கிட்டத்தட்ட இதேதான்.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. வரம்பு வீரருக்கு மட்டும்தான். ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் தொகைக்கு இல்லை. 1905 பிப்ரவரியில் ஆல்ஃப் காமன் என்ற வீரரை 1,000 பவுண்ட் கொடுத்து சண்டர்லேண்டிடமிருந்து வாங்கியது மிடில்ஸ்பரோ. அவரை விற்ற கிளப்புக்கு ஆயிரம். மைதானத்தில் ஓடுகிற அவருக்கோ வாரம் 4 பவுண்டுதான் உச்சம்.

4 பவுண்ட் அன்றைய சாதாரணத் தொழிலாளியின் கூலியைவிட அதிகம்தான், மறுக்க முடியாது. ஆனால் கால்பந்து வாழ்க்கை சில வருடங்களில் முடிந்துவிடும். காலில் அடிபட்டால் அன்றே முடிந்துவிடும்.

*10 பவுண்ட் லஞ்சப் புகார்*

1905 ஏப்ரல் கடைசி. சீசனின் கடைசி ஆட்டம், எதிரணி ஆஸ்டன் வில்லா. லீக் பட்டத்துக்கான வாய்ப்பு இன்னும் இருந்ததால் சிட்டிக்கு வெற்றி தேவை. மைதானத்தில் அடிதடி வரைக்கும் போனது. கடைசியில் 3-2 என வில்லா ஜெயித்தது.

ஆட்டத்தை விட்டுக்கொடுக்க மெரிடித் தனக்கு 10 பவுண்ட் தருவதாகச் சொன்னார் என்று வில்லா கேப்டன் அலெக் லீக் சொன்னதாக விஷயம் வெளியே வந்தது. மெரிடித் மறுத்தார். ஆனால் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. அவர் குற்றவாளி என்று முடிவு செய்து, 1906 ஏப்ரல் வரை விளையாடத் தடை விதித்தது. பின்னாளில் மெரிடித், மேனேஜர் டாம் மேலிக்கும் இதில் பங்கு உண்டு என்றார். மேலி அதை மறுத்தார்.

தடையில் இருக்கும் வீரருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது எஃப்.ஏ. விதி. மெரிடித் விடவில்லை, கிளப்பிடம் பணம் கேட்டுக்கொண்டே இருந்தார். தொல்லை தாங்காமல் கிளப்பே அவரைப் பற்றி எஃப்.ஏ.வில் புகார் கொடுத்தது.

ட்விஸ்ட் இங்கேதான். கிளப் கைகழுவியதும் மெரிடித் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். தனக்கு வாரம் 6 பவுண்ட் வந்தது, சிட்டியில் 4 பவுண்ட் விதியை யாரும் மதிக்கவே இல்லை, கோப்பை வந்ததே அதனால்தான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

*கணக்குப் புத்தகம் திறந்தது*

எஃப்.ஏ. ஒரு ஆடிட்டரை அனுப்பி சிட்டியின் கணக்குகளைத் தோண்டியது. 1906-ல் தண்டனை வந்தது. தலைவருக்கும் மேனேஜருக்கும் காலவரையற்ற தடை. கிளப்புக்கு 250 பவுண்ட் அபராதம்.

வீரர்களுக்குத்தான் பெரிய அடி. 17 பேருக்கு 1907 ஜனவரி 1 வரை தடை, மொத்தம் 900 பவுண்ட் அபராதம். இனி சிட்டிக்கு ஆடவே கூடாது என்றும் உத்தரவு. மெரிடித்துக்கு மட்டும் 100 பவுண்ட். விதிப்படி கணக்குப் போட்டால், அது 25 வாரச் சம்பளம்.

கவனியுங்கள்: சிட்டியின் ஒரு புள்ளிகூடக் குறைக்கப்படவில்லை. 1904 கோப்பையும் பறிக்கப்படவில்லை. விதியை மீறிக் கொடுத்தது கிளப். அதற்கு அதிக விலை கொடுத்தது வாங்கியவர்கள்.

*ஊருக்குள்ளேயே இடம் மாறிய கோப்பை*

சிட்டி வீரர்களை மற்ற கிளப்களுக்கு விற்க மான்செஸ்டர் ஹோட்டல் ஒன்றில் ஏற்பாடு நடந்தது. அதற்கு முன்பே மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் எர்னஸ்ட் மாங்னல் காரியத்தை முடித்திருந்தார். மெரிடித், சாண்டி டர்ன்புல், ஹெர்பர்ட் பர்ஜஸ், ஜிம்மி பேனிஸ்டர் என நான்கு பேர் பக்கத்து கிளப்புக்குப் போனார்கள்.

தடை முடிந்த 1907 ஜனவரி 1 அன்றே முதல் ஆட்டம். எதிரணி மறுபடியும் ஆஸ்டன் வில்லா. மெரிடித் பந்தைக் கொடுக்க, டர்ன்புல் கோல் போட, யுனைடெட் 1-0 என வென்றது.

1908-ல் யுனைடெட்டுக்கு முதல் லீக் பட்டம். 1909-ல் முதல் எஃப்.ஏ. கோப்பை, இறுதிப் போட்டியில் கோல் அடித்தவர் அதே டர்ன்புல். அதே 1909-ல் சிட்டி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. போட்டியைச் சமமாக்க வந்த விதி, ஒரு அணியைக் கலைத்து, ஐந்து கிலோமீட்டர்கூடத் தள்ளி இல்லாத இன்னொரு அணியைச் சாம்பியனாக்கியது.

*சங்கம் வைத்த நட்சத்திரம்*

வேறொருவராக இருந்தால் இதோடு வாயை மூடிக்கொண்டு ஆடியிருப்பார். 1907-ல் யுனைடெட்டின் தாமஸ் பிளாக்ஸ்டாக், ரிசர்வ் அணி ஆட்டமொன்றில் பந்தைத் தலையால் முட்டியதும் சரிந்து விழுந்து இறந்தார். அடிபட்டாலோ செத்தாலோ வீரரின் குடும்பத்துக்கு என்ன மிச்சம் என்ற கேள்வி உடை மாற்றும் அறைகளில் பெரிதானது.

அந்த டிசம்பரில் மான்செஸ்டரின் இம்பீரியல் ஹோட்டலில் வீரர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. கூட்டத்துக்குத் தலைமை மெரிடித். சம்பள உச்சவரம்பை நீக்க வேண்டும், காயத்துக்கு இழப்பீடு வேண்டும் என்பவை முக்கியக் கோரிக்கைகள்.

1909 கோடையில் எஃப்.ஏ. மிரட்டியது: சங்கத்தை விட்டு விலகு, இல்லையென்றால் ஆட முடியாது. பெரும்பாலானவர்கள் விலகினார்கள். யுனைடெட் வீரர்கள் மசியவில்லை. கிளப் மைதானம் இல்லாமல் வெளியே பயிற்சி எடுத்தார்கள், தங்களுக்கு ‘அவுட்காஸ்ட்ஸ்’ என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். சீசன் தொடங்கும் நேரத்தில் எஃப்.ஏ. இறங்கி வந்து சங்கத்தை அங்கீகரித்தது.

முழு வெற்றி இல்லை. போனஸுக்கு வழி பிறந்தது, சம்பளம் 5 பவுண்ட் வரை உயரலாம் என்றானது. ஆனால் உச்சவரம்பு அப்படியே நின்றது.

*50-ஐத் தொட்ட விங்கர்*

மெரிடித் நிற்கவில்லை. வேல்ஸ் அணிக்காக 48 ஆட்டங்கள். 45 வயதில் கடைசி சர்வதேசப் போட்டி, இங்கிலாந்து மண்ணில் இங்கிலாந்தை வீழ்த்திய ஆட்டம் அது. 1921-ல் தன்னைத் துரத்திய சிட்டிக்கே திரும்பினார். 1924-ல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் ஆடியபோது அவருக்கு வயது 49.

1958 ஏப்ரலில், 83 வயதில் மான்செஸ்டரில் இறந்தார். மியூனிக் விமான விபத்தில் யுனைடெட் வீரர்கள் பலியாகி இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊரே அந்தத் துக்கத்தில் இருந்தது. அவர் கல்லறையில் 2001 வரை பெயர்கூட இல்லை. அதன் பிறகுதான் வீரர்கள் சங்கம், வேல்ஸ் கால்பந்துச் சங்கம், சிட்டி, யுனைடெட் எல்லாம் சேர்ந்து கல் வைத்தன.

சம்பள உச்சவரம்பு 1961 ஜனவரியில் ஒழிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

*இன்றைக்கு இது ஏன் முக்கியம்?*

இப்போது தண்டனை கிளப் மீதுதான் விழுகிறது. நஷ்ட வரம்பைத் தாண்டியதற்காக 2023-24 சீசனில் எவர்டனுக்கு 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன, அப்பீலில் அது 6 ஆனது. வீரர்கள் யாருக்கும் அபராதம் இல்லை. அந்த அளவில் நிலைமை மாறியிருக்கிறது.

மெரிடித் ஹீரோவா, வில்லனா? லஞ்சப் புகாரில் சிக்கியவர், தெரிந்தே விதியை மீறிய பணத்தை வாங்கியவர். அதேசமயம், அந்த விதி யாருடைய பாக்கெட்டிலிருந்து சமத்துவத்தை வாங்குகிறது என்று கேட்டு, தடைக்கு அஞ்சாமல் நின்றவரும் அவர்தான். அடுத்த முறை நிதி விதிகள் பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை வந்தால், எந்த கிளப்புக்கு லாபம் என்பதோடு அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.