நடந்து கற்ற மகாபண்டிதர்

பொருள் படைத்தவர் ஊர் காணப் புறப்படுதல் உலக இயல்பு. புகைவண்டிச் சீட்டும், தங்குவதற்கு விடுதியும், வழிச்செலவுக்குப் பணமும் முன்னரே அமைந்துவிட்டால் பயணம் எளிதாகும். இவற்றுள் ஒன்றும் இன்றி, துணைக்கு ஆளும் இன்றி, இளமையிலேயே பாரதநாட்டின் வடகோடி மலைகளையும் தென்கோடித் தலங்களையும் கண்டு, அந்த அலைச்சலையே தம் கல்விச்சாலையாக ஆக்கிக்கொண்டவர் ஒருவர் உண்டு. காசிப் பண்டிதர்களால் மகாபண்டிதர் என்று போற்றப்பெற்ற ராகுல சாங்கிருத்தியாயனே அவர். 'வால்கா முதல் கங்கை வரை' என்னும் நூலைக் கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பில் படித்த தமிழன்பர்கள் அதன் ஆசிரியரை நன்கறிவர். ஆயினும், அப்பேரறிஞர் நம் திருமழிசையில் மாணவராக இருந்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

இன்றைய உத்தரப் பிரதேசத்து ஆசம்கட் மாவட்டத்தில், பந்தகா என்னும் சிற்றூரில், தாயைப் பெற்ற பாட்டனார் இல்லத்தில் 1893ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கேதாரநாத பாண்டே. தந்தையாரின் ஊர் கனைலா. பாட்டனார் படையில் சிப்பாயாக இருந்து தென்னாட்டுப் பக்கமெல்லாம் சுற்றியவர். தாம் கண்ட காடுகளையும் வேட்டைகளையும் நகரங்களையும் பற்றி மாலைதோறும் அவர் சொல்லிய கதைகள் பேரனின் நெஞ்சில் வித்தாக விழுந்தன. பள்ளியில் பயின்ற உருதுப் பாடநூலில், உலகைச் சுற்றிப் பார்க்குமாறு அழைக்கும் ஈரடிப் பாட்டொன்று இருந்தது. அது அவ்வித்துக்கு நீர் வார்த்தது.

1907இல் ஒருநாள், வீட்டிலிருந்த நெய்ப்பானை சிறுவனின் கைதவறிக் கவிழ்ந்தது. இரண்டு சேர் நெய் மண்ணில் ஓடிற்று. பாட்டனாரின் சினத்துக்கு அஞ்சிய சிறுவன் கல்கத்தாவுக்கு ஓடிப்போனான். சில காலத்தில் ஊர் திரும்பினான். மனம் மட்டும் திரும்பவில்லை. இரண்டாண்டு கழித்து மீண்டும் கல்கத்தா. 1910இல் இமயமலைத் திருத்தலங்களை நோக்கிக் கால்நடை. பின்னர்க் காசியில் வடமொழிப் பயிற்சி. பள்ளிப்படிப்போ உருது நடுநிலை வகுப்போடு முடிந்திருந்தது. கல்லூரியில் பயின்று பட்டம் எதுவும் அவர் பெற்றதில்லை.

1912இல், பீகாரின் சாரண் மாவட்டத்துப் பர்சா மடத்தில் வைணவத் துறவியாகி ராம் உதார தாஸ் எனப் பெயர் பூண்டார். மடத்துக்கு நிலமும் செல்வமும் இருந்தன. மடாதிபதி அவரையே தம் வாரிசாகக் கருதினார். இருபது வயது இளைஞருக்கு இதனினும் உறுதியான வாழ்வு வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் கண்கள் வழியின்மீதே இருந்தன. 1913இல் மடத்தை விட்டுத் தென்திசை நோக்கிப் புறப்பட்டுவிட்டார்.

அவ்வாறு வந்தவரைச் சென்னைக்கு அருகிலுள்ள திருமழிசை ஏற்றுக்கொண்டது. திருமழிசையாழ்வார் அவதரித்த அவ்வூரின் மடத்தில் தங்கி வைணவ சாத்திரங்களைப் பயின்றார், தமிழும் கற்றார். போசுபுரி பேசும் நாட்டுப்புறத்திலிருந்து வந்த இளைஞர், சுவையும் பழக்கவழக்கமும் முற்றும் வேறான ஓர் அக்கிரகாரத்தில், மொழி தெரியாது நின்ற நாட்களை எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து தென்னாட்டுத் தலங்களைத் தரிசித்து, மேற்குக் கரை மாகாணங்களின் வழியே வடக்கே திரும்பினார். பின்னும் ஒருமுறை தெற்கே வந்து, குடகுநாட்டில் சில மாதம் இருந்தார்.

வறியவராகப் பயணம் செய்தவர் எதை உண்டார், எங்கே உறங்கினார் என்று கேட்கலாம். மடங்களும் சத்திரங்களும் சாதுக்களுக்குச் சோறிடும் பழைய அறம் இந்நாடெங்கும் வேரூன்றியிருந்தது. காவியுடை ஒன்றே அவருக்கு வழிச்சீட்டு. ஆனால் அவ்வறத்தை அவர் சோம்பலுக்குத் துணையாகக் கொள்ளவில்லை. பணமுள்ள பயணி விலைகொடுத்துப் பெறுவதை, பணமற்றவன் பேசித்தான் பெறவேண்டும். பேசுவதற்கு அவ்வூரார் மொழி வேண்டும். ஆகவே சென்ற இடமெல்லாம் மொழி கற்றார். வடமொழி, உருது, பாரசீகம், அரபு, தமிழ், பாலி, சிங்களம், திபெத்தியம், ருசியம் என அப்பட்டியல் நீண்டது. வறுமை அவருக்கு மொழியாசிரியனாயிற்று.

கற்றது மாறும்போது கொள்கையும் மாறியது. அதனை அவர் மறைத்ததில்லை. வைணவத்திலிருந்து ஆரிய சமாஜத்துக்கும், அங்கிருந்து பௌத்தத்துக்கும், பின்னர்ப் பொதுவுடைமைக்கும் சென்றார். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து சிறை புகுந்தார். 1927இல் இலங்கை வித்தியாலங்கார பிரிவேனாவில் வடமொழி கற்பித்துக்கொண்டே பாலி கற்றார். 1929இல் நேபாளம் வழியாக மாறுவேடத்தில் திபெத்து சென்று, இருபத்திரண்டு கோவேறு கழுதைகளில் ஏற்றிய சுவடிகளோடும் ஓவியங்களோடும் திரும்பினார். 1930இல் பிக்குவாகி ராகுலர் என்னும் பெயர் ஏற்றார். இந்தியாவில் மறைந்துபோன வடமொழிப் பௌத்த நூல்கள் பல, அதன்பின் அவர் செய்த மூன்று திபெத்து யாத்திரைகளில் கிட்டின. தாம் கொணர்ந்த செல்வத்தைப் பாட்னா அருங்காட்சியகத்துக்கே அளித்தார்.

இவ்வளவும் விலையின்றிக் கிடைத்தனவா? இல்லை. அவருக்குப் பதினொன்றாம் வயதிலேயே பெரியோர் மணம் செய்து வைத்திருந்தனர். அம்மணத்தை அவர் ஏற்கவில்லை. அந்தப் பெண்ணோடு வாழவும் இல்லை. குழந்தை மணம் என்னும் கொடுவழக்கமே குற்றவாளி எனினும், அதன் சுமையைத் தாங்கியவள் ஊரிலேயே இருந்துவிட்ட அப்பேதை. ஐம்பது வயது நிறையும்வரை ஆசம்கட் மாவட்டத்தில் காலடி வைப்பதில்லை என்று அவர் உறுதி பூண்டார். 1943இல் அவ்வுறுதி நிறைவேறிய பின்னரே பிறந்த மண்ணை மீண்டும் மிதித்தார். உலகம் ஓர் அறிஞரைப் பெற்றது. ஒரு குடும்பம் தன் மகனை இழந்தது. இரண்டையும் ஒருசேர நினைப்பதே நேர்மையாகும்.

தம் அனுபவத்தின் சாரத்தைப் பிற்காலத்தில் 'குமக்கட் சாஸ்திரம்' என்னும் நூலாக வடித்தார். ஊர்சுற்றுவோருக்கு இலக்கணம் வகுத்த நூல் அது. பணமூட்டையை நம்பாது தன் கையை நம்ப வேண்டும். பிறருக்குச் சுமையாகாதிருக்க ஒரு கைத்தொழில் பயில வேண்டும். போகும் நாட்டைப் பற்றி முன்பே கற்க வேண்டும். கண்டதை எழுதி வைக்க வேண்டும் என்பன அதன் கருத்துக்கள். பெண்களும் ஆண்களைப் போலவே தனித்து உலாவ உரிமையுடையோர் என ஓர் அத்தியாயமே எழுதினார்.

நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைப் படைத்த அவருக்கு 1958இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும், 1963இல் பத்மபூஷண் விருதும் வந்தன. அதற்குள் விதி வேறு செய்தது. 1961இன் இறுதியில் நோயுற்று, நினைவாற்றலை இழந்தார். பல மொழிகளை ஆண்ட நா சொல்லுக்குத் தடுமாறியது. மாஸ்கோ மருத்துவமும் பயன்தரவில்லை. 1963 ஏப்ரல் 14ஆம் நாள் டார்ஜிலிங்கில் அவர் காலமானார்.

பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து வாழும் நாம் துறவிகள் அல்லர். வீடுவாசலைத் துறக்கவும் வேண்டுவதில்லை. ஆயினும், ஆண்டுகள் பல கழிந்தும் அண்டை வீட்டார் மொழியில் நலம் கேட்கத் தயங்குவோர் நம்மில் உண்டு. மொழி தெரியாமல் திருமழிசைக்கு வந்து, அங்கே தமிழ் பயின்ற இளைஞரை அவர்கள் நினைத்துக்கொள்வார்களாக. அவர் நம்மொழிக்குச் செய்த மரியாதையை, அவர் பிறந்த நாட்டார் மொழிக்கு நாம் செய்வது கடன்.