ஊர் காத்த உத்தமர்

ஜப்பானில் ஹிரோ என்பது ஒரு கடலோரச் சிற்றூர். 1854 டிசம்பர் 24 மாலை பூமி குலுங்கியது; கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. இருளில் வழி தெரியாமல் மக்கள் தவித்தனர். சோயா சாஸ் வணிகக் குடும்பத்தவரான ஹமகுச்சி கோர்யோ, வயலிலிருந்த வைக்கோற்போர்களுக்குத் தீ மூட்டினார். அந்த வெளிச்சத்தைக் கண்டு பலர் மேட்டுக்கு ஓடி உயிர் தப்பினர்.

உயிர் மிஞ்சியது; பிழைப்பு மிஞ்சவில்லை. கோர்யோ தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுக் கடற்கரையில் அணை எழுப்பினார். நீளம் சுமார் 600 மீட்டர். உயரம் 5 மீட்டர். மண் சுமந்தவர்கள் ஊராரே. கூலி கிடைத்தது, ஊர் கலையவில்லை. 1858இல் வேலை முடிந்தது.

1885இல் கோர்யோ மறைந்தார். 1946இல் மீண்டும் கடல் பொங்கியது. அணை தடுத்தது, ஊரின் பெரும்பகுதி தப்பியது.