சீருடையும் ஆட்சியும்: ஜெனரல் டி கோலின் அரசியல் வாழ்வு

நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறைமை பற்றி எமது நாட்டில் 1978 ஆம் ஆண்டு முதல் எத்தனையோ தடவைகள் எழுதியும் பேசியும் வந்துள்ளோம். அம்முறைமையை ஜே.ஆர். ஜயவர்தன வகுத்தபோது அவருக்கு முன்மாதிரியாக இருந்தவற்றுள் பிரான்ஸின் ஐந்தாவது குடியரசின் அரசியலமைப்பும் ஒன்றாகும். ஆனால், அவ்வரசியலமைப்பை உருவாக்குவித்த சார்ள்ஸ் டி கோலைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அவர் ஓர் இராணுவ அதிகாரி. அதுவும் தமது சொந்த அரசினாலேயே கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட அதிகாரி.

1890 இல் லீல் நகரில் பிறந்த அவர், முதலாம் உலக யுத்தத்தில் வெர்டன் களத்தில் காயமுற்று ஜேர்மனியரிடம் சிறைப்பட்டார். ஐந்து முறை தப்பியோட முயன்று ஐந்து முறையும் பிடிபட்டார். 1940 இல் பிரான்ஸ் வீழ்ந்து மார்ஷல் பெத்தான் சரணடைய முற்பட்டபோது, பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த டி கோல் லண்டனுக்குச் சென்று, ஜூன் 18 ஆம் திகதி வானொலி மூலம் எதிர்ப்பைத் தொடருமாறு அறைகூவல் விடுத்தார். பெத்தான் அரசு அவரது பதவி உயர்வை இரத்துச் செய்து கேணலாக ஓய்வுபெறச் செய்தது. ஓகஸ்ட் மாதத்தில் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனையும் விதித்தது. அவர் இளம் அதிகாரியாகச் சேர்ந்த முதற் படைப்பிரிவின் தளபதியாக இருந்தவர் இதே பெத்தான்தான் என்பது வரலாற்றின் விசித்திரம்.

நான்காண்டுகளின் பின்னர் விடுவிக்கப்பட்ட பாரிஸில் அவர் மக்கள் வெள்ளத்தினூடே நடந்து சென்றார். எனினும், தற்காலிக அரசின் தலைவராக இருந்த அவர், கட்சிகளின் இழுபறியில் வெறுப்புற்று 1946 ஜனவரியில் பதவியைத் துறந்தார். தாமே ஆரம்பித்த இயக்கமும் கைகொடுக்கவில்லை. கொலம்பே என்ற சிறு கிராமத்து வீட்டில் போர்க்கால நினைவுகளை எழுதிக் கொண்டிருந்தார். பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியிருந்த அன்பு மகள் ஆன் 1948 இல் இருபதாவது வயதில் மரணமானாள். இறுக்கமானவர் என்று பெயரெடுத்த அந்த நெடிய மனிதர் அம்மகளிடம் மட்டுமே குழைந்து பழகியவர் என்பர்.

அவரை மீண்டும் அழைத்தது அல்ஜீரியா. 1830 முதல் பிரான்ஸின் பிடியிலிருந்த அந்த முஸ்லிம் தேசத்தில் 1954 நவம்பரில் விடுதலைப் போர் மூண்டது. அங்கு குடியேறியிருந்த ஐரோப்பியர் சுமார் பத்து இலட்சம் பேர். 1958 மே 13 இல் அவர்களும் இராணுவத்தினரும் அல்ஜியர்ஸில் கிளர்ந்தெழ, பாரிஸ் அரசு நிலைகுலைந்தது. ஜூன் முதலாம் திகதி பாராளுமன்றம் டி கோலைப் பிரதமராக ஏற்றுக்கொண்டது. இராணுவத்தின் மிரட்டல் இல்லாதிருந்தால் அவர் அழைக்கப்பட்டிருப்பாரா என்ற கேள்வி நியாயமானதே. அவ்வாண்டே புதிய அரசியலமைப்பு சர்வஜன வாக்கெடுப்பில் நிறைவேறியது. அவர் ஜனாதிபதியானார்.

அல்ஜீரியாவைக் கைவிடமாட்டார் என்று நம்பித்தான் தளபதிகள் அவரை வரவேற்றனர். அவரோ 1959 செப்டெம்பரில் அல்ஜீரிய மக்களின் சுயநிர்ணய உரிமையை ஏற்பதாக அறிவித்தார். வெகுண்ட நான்கு ஜெனரல்கள் 1961 ஏப்ரலில் அல்ஜியர்ஸைக் கைப்பற்றினர். ஷால், ஜுஓ, சலான், செல்லர் ஆகிய அந்நால்வரும் ஓய்வு பெற்றிருந்தவர்களே. டி கோல் பழைய இராணுவச் சீருடையை அணிந்து தொலைக்காட்சியில் தோன்றி, அவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டாமெனப் படையினருக்குக் கட்டளையிட்டார். கையடக்க வானொலிகளில் அதைக் கேட்ட சாதாரண சிப்பாய்கள் ஜெனரல்களின் சொல்லைக் கேட்க மறுத்தனர். சில நாட்களிலேயே கிளர்ச்சி அடங்கியது. 1962 மார்ச்சில் எவியான் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரமடைந்தது. அடுத்த மாதம் பாரிஸ் அருகே அவரது காரின் மீது தோட்டாக்கள் பொழிந்தன. அவரும் மனைவியும் உயிர் தப்பினர்.

இதனைக் கொண்டு அவரைச் சமாதானத் தூதராகச் சித்திரிக்க நாம் முற்படவில்லை. 1945 மே மாதத்தில் செத்தீஃப் பிரதேசத்தில் அல்ஜீரியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டபோது பிரான்ஸின் அரசுத் தலைவர் அவரே. 1961 ஒக்டோபர் 17 இல் பாரிஸ் வீதிகளில் அல்ஜீரிய ஆர்ப்பாட்டக்காரர்களைப் பொலிஸார் கொன்றதும் அவரது ஆட்சியிலேயே. பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து நின்ற 'ஹார்க்கி' முஸ்லிம்கள் நிராயுதபாணிகளாகக் கைவிடப்பட்டுப் பழிவாங்கலுக்கு இரையாகினர். சுதந்திரம் வழங்கியதற்காக அவரைப் பாராட்டுவோர் இவற்றைக் கடந்து செல்லலாகாது.

1962 ஒக்டோபரில் ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தெரிவு செய்யும் முறையை வாக்கெடுப்பு மூலம் கொண்டுவந்தார். 1965 இல் மித்தரோனை வென்றார். 1968 மே மாணவர், தொழிலாளர் எழுச்சி ஆட்சியை உலுக்கியது. எனினும், ஜூன் தேர்தலில் அவரது அணி பெருவெற்றி ஈட்டியது. இத்தகைய பலத்தோடு இருந்தவர், 1969 ஏப்ரலில் பிராந்திய நிர்வாகம், செனட் சபை ஆகியன தொடர்பான ஒரு சீர்திருத்தத்தை வாக்கெடுப்புக்கு விட்டு, தோற்றால் விலகுவதாக முன்கூட்டியே அறிவித்தார். சுமார் 52 சதவீதத்தினர் எதிர்த்து வாக்களித்தனர். பதவிக் காலம் மூன்றாண்டுகளுக்கு மேல் எஞ்சியிருந்தும் மறுநாளே விலகினார். 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலை நடத்தாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதற்கு எமது நாட்டில் சர்வஜன வாக்கெடுப்பு பயன்படுத்தப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முறைமையை இரவல் பெற்றவர்கள் இந்தப் பழக்கத்தையும் பெற்றிருக்கலாம்.

கொலம்பேக்குத் திரும்பிய டி கோல், 1970 நவம்பர் 9 ஆம் திகதி மாலை வீட்டிலேயே காலமானார். எண்பது வயது நிறைய இரு வாரங்கள் கூட இருக்கவில்லை. அரச மரியாதையோ, ஜனாதிபதியோ, அமைச்சர்களோ வேண்டாமென 1952 இலேயே எழுதி வைத்திருந்தார். உலகத் தலைவர்கள் பாரிஸ் தேவாலயத்தில் கூடிய அதே நாளில், கிராமத்து இளைஞர்கள் பேழையைச் சுமந்து சென்று ஆனின் அருகே அடக்கம் செய்தனர். பதவி உயர்வுகளை மறுத்து இறுதிவரை இரு நட்சத்திரப் பிரிகேடியர் ஜெனரலாகவே இருந்தவரின் கல்லறையில் பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் மாத்திரமே பொறிக்கப்பட்டுள்ளன.