மால்குடியைப் படைத்த மைசூர்த் தமிழர்

நாம் குடியேறி வாழும் இம்மைசூர் நகரின் எளிய மக்களை உலகறியச் செய்தவர் ஒரு தமிழர். அவரே ஆர். கே. நாராயண். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னைப் புரசைவாக்கத்தில் பிறந்து, பாட்டியாரிடம் வளர்ந்தார். தந்தையார் கிருஷ்ணசுவாமி ஐயர் இங்கே மகாராஜா உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக அமர்ந்தமையால் மைசூர் வந்து சேர்ந்தார். 1930-ல் மகாராஜா கல்லூரியில் பி. ஏ. பட்டம் பெற்றார்.

ஆசிரியர் வேலையைச் சில நாட்களிலேயே துறந்து, எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார். 'ஜஸ்டிஸ்' என்னும் சென்னைப் பத்திரிகைக்கு மைசூர் நிருபராகி, நீதிமன்றம், கடைவீதி என்று நாள்தோறும் நடந்தார். அச்சேறிய அளவுக்கே கூலி கிடைத்தது. ஆயினும் அந்நடையில் கண்ட மனிதரே அவர்தம் செல்வமாயினர். 1939-ல் மனைவியார் ராஜம் விஷக்காய்ச்சலால் மறைந்தார். சிறு மகளை வளர்த்துக்கொண்டே, 'ஹிந்து' நாளிதழில் கதைகளும் வாரக் கட்டுரைகளும் எழுதிவந்தார். தெருவோரச் சோதிடரும் தபால்காரரும் அவர் எழுத்தில் மால்குடிவாசிகளாயினர்.

அம்மக்கள் திரையேறிய வரலாறு நாம் சிந்திக்கத்தக்கது. 1941-ல் அவர் தொடங்கிய 'இந்தியன் தாட்' இதழை அச்சிட்ட மைசூர் அச்சகத்தாரே 'மிஸ்டர் சம்பத்' நாவலின் நாயகருக்கு மூலமானார். அந்நாவலை ஜெமினி எஸ். எஸ். வாசன் 1952-ல் ஹிந்திப் படமாக்கினார். 'கைடு' நாவலைப் படமாக்க வந்தோருக்கு, மைசூர்ப் பக்கத்து ஆற்றங்கரையையும் கோயிலையும் நாராயணே அழைத்துச் சென்று காட்டினார். அவர்களோ ராஜஸ்தானத்தைத் தேர்ந்தனர். 1965-ல் வெளிவந்த படம் பெருவெற்றி பெற்றது. தம் சிற்றூர் அதில் மறைந்ததே என்று ஆசிரியர் மனம் நொந்தார்.

அக்குறையை நீக்கியவர் கன்னட நடிகர் சங்கர் நாக். அவர் சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பே என்னும் சிற்றூரையே மால்குடியாக்கி, 'மால்குடி டேஸ்' தொடரை இயக்கினார். 1986-ல் தூர்தர்ஷனில் அது ஒளிபரப்பாகத் தொடங்கியது. நாராயணின் தம்பி லக்ஷ்மண் சித்திரம் தீட்டினார், நம்மவரான எல். வைத்தியநாதன் இசையமைத்தார். எளியோரை எளியோராகவே காட்டியதால் அத்தொடர் வீடுதோறும் நிலைத்தது.

2001-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் நாராயண் சென்னையில் மறைந்தார். யாதவகிரியில் அவர் வாழ்ந்த இல்லம் 2016 முதல் நினைவில்லமாக விளங்குகிறது. பிழைக்க வந்த ஊரை அதன் தெருக்களில் நடந்தே நேசித்தவர் அவர். நம் பிள்ளைகளை அவ்வில்லத்திற்கு அழைத்துச் செல்வோமாக. திரும்பும் வழியில், நாம் பெயர் கேட்டறியாத நம் தெரு மனிதரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுவோமாக.